110 பேர், ஒரு மலை, மூணு பதில்

ஒரு சின்னக் கணக்கோட ஆரம்பிக்கலாம்.

ஒரு இடத்துல 2016-லிருந்து 2021-க்குள்ள மக்கள்தொகை 19.6 சதவீதம் கூடியிருக்கு. கேட்ட உடனே என்ன தோணும்? புது அபார்ட்மென்ட், டிராஃபிக், ஏறிப்போன வாடகை. ஆனா அங்க நடந்தது இதுதான்: 92 பேர் இருந்தாங்க, 110 ஆனாங்க. கூடினது 18 பேர்.

அந்த இடத்தோட பேர் ரேன்ச்லேண்ட். கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், கால்கரிக்குத் தெற்கே, ராக்கி மலையடிவாரத்தில் இருக்கு. அங்க 'முனிசிபல் டிஸ்ட்ரிக்ட்'னு ஒரு அமைப்பு உண்டு. நம்ம ஊர் மாவட்டத்தோட குழப்பிக்காதீங்க. கிராமப்புறத்துக்கான உள்ளாட்சி அது. தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சில் இருக்கும், வரி வசூலிக்கும், ரோடு பராமரிக்கும். ரேன்ச்லேண்டின் பரப்பு சுமார் 2,600 சதுர கிலோமீட்டர். ஒரு ஆளுக்கு கிட்டத்தட்ட 24 சதுர கிலோமீட்டர். உள்ளே ஒரு டவுன்கூட கிடையாது.

ஏன் இவ்வளவு காலி? முதல்ல, அது காலியா இருந்த இடமே இல்லை. பிளாக்ஃபுட் மக்களோட நிலம் அது. காட்டெருமைதான் அவங்க வாழ்க்கை. 1877-ல் கனடா அரசோட ஏழாம் ஒப்பந்தம் கையெழுத்தாச்சு. அடுத்த சில வருஷத்துலயே காட்டெருமை கிட்டத்தட்ட அழிஞ்சுபோச்சு. அந்த மக்கள் ரிசர்வ் நிலங்களுக்குள்ள ஒதுக்கப்பட்டாங்க.

1881-ல் அரசு ஒரு குத்தகைத் திட்டம் கொண்டுவந்தது. ஒருத்தர் ஒரு லட்சம் ஏக்கர் வரைக்கும் எடுக்கலாம். 21 வருஷக் குத்தகை, ஏக்கருக்கு வருஷம் ஒரு சென்ட். பணக்காரங்களும் கம்பெனிகளும் வந்து பிரம்மாண்டமான மாட்டுப் பண்ணைகளை ஆரம்பிச்சாங்க. 1906-07 குளிர்காலத்துல மாடுகள் கூட்டம் கூட்டமா செத்தப்போ, பல பெரிய பண்ணைகளோட கதை முடிஞ்சது. கிழக்குப் பக்கச் சமவெளியில 160 ஏக்கர் வாங்கி கோதுமை போட ஆயிரக்கணக்குல ஆட்கள் வந்தாங்க. இந்த மலைச்சரிவுல விவசாயம் எடுபடாது. அதனால இங்க மேய்ச்சலே நிலைச்சது. மேய்ச்சலுக்கு நிறைய நிலம் வேணும், கொஞ்சம் ஆள் போதும். ஆக, 110-ங்கற எண்ணை வச்சு ஊர் செத்துப்போச்சுன்னு சொல்ல முடியாது. அந்த நிலம் தாங்குற வாழ்க்கையோட அளவே அதுதான். ரொம்ப நாள் மாகாண அரசே இதை நேரடியா நிர்வகிச்சது. 1995-லதான் சொந்த கவுன்சிலோட முனிசிபல் டிஸ்ட்ரிக்ட் ஆச்சு.

இப்போ விஷயத்துக்கு வரேன். ரேன்ச்லேண்டோட தெற்கு ஓரத்துல கிராஸி மவுன்டன்னு ஒரு மலை. அதுல எஃகு தயாரிக்கத் தேவையான நிலக்கரி இருக்கு. அதை வெட்டி எடுக்கலாமான்னு பல வருஷமா சண்டை. 2021-ல் மத்திய, மாகாணக் கூட்டு ஆய்வுக்குழு திட்டத்தை மறுத்தது. தண்ணீரின் தரத்துக்கும், ஆபத்துல இருக்கற ஒரு டிரவுட் மீன் இனத்துக்கும் வரக்கூடிய பாதிப்பு, கிடைக்கிற பொருளாதார லாபத்தைவிடப் பெருசுன்னு சொன்னாங்க. திட்டம் வேற வடிவத்துல திரும்பி வந்தது.

2024 நவம்பர்ல ஒரு வாக்கெடுப்பு நடந்தது. சுமார் 72 சதவீதம் பேர் சுரங்கம் வேணும்னு சொன்னாங்க. சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாத வாக்கெடுப்பு அது. ஆனா ஓட்டுப் போட்டது யாரு? பக்கத்துல இருக்கற க்ரோஸ்நெஸ்ட் பாஸ் ஊர்க்காரங்க. மலை இருக்கறது ரேன்ச்லேண்ட்ல. அந்த 110 பேருக்கு ஓட்டே இல்லை. ரேன்ச்லேண்ட் கவுன்சில் இந்தத் திட்டத்தை எதிர்த்து நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கு.

க்ரோஸ்நெஸ்ட் பாஸ்காரங்களை வில்லனாக்க வேண்டாம். அவங்க ஊரே நிலக்கரியில பிறந்த ஊர். 1980-கள்ல அங்க கடைசிச் சுரங்கமும் மூடிடுச்சு. 2021 கணக்குப்படி சுமார் 5,700 பேர் இருக்காங்க, வேலை வேணும்னு கேக்குறாங்க. நியாயமான ஆசைதானே?

ஆனா இன்னொரு கூட்டமும் இருக்கு. ஓல்ட்மேன் ஆறு இந்த மலைகள்லதான் பிறக்குது. கீழ்நோக்கிப் போனா லெத்பிரிட்ஜ் நகரம், சுமார் ஒரு லட்சம் மக்கள், அந்த ஆத்துத் தண்ணியைத்தான் குடிக்கிறாங்க. சுரங்கப் பாறைக் கழிவுலேர்ந்து செலினியம் கசிஞ்சு ஆத்துல கலக்குமோங்கறதுதான் பயம்.

110 பேரைக் கேட்டா ஒரு பதில். 5,700 பேரைக் கேட்டா ஒரு பதில். ஒரு லட்சம் பேரைக் கேட்டா என்ன வரும்? அந்த வாக்கெடுப்புல அவங்களைக் கேக்கல.

கோடு எழுதும்போது நாம வகுக்கும் எண்ணைச் சரிபார்ப்போம், பூஜ்யமா இருந்தா புரோகிராம் படுத்துடும். அது தப்பான எண்ணா இருந்தா புரோகிராம் ஒழுங்கா ஓடும், விடை மட்டும் தப்பா வரும். அதுதான் மோசமான பக். 19.6 சதவீத வளர்ச்சியும் சரி, 72 சதவீத ஆதரவும் சரி, ரெண்டு எண்ணுமே உண்மைதான். ஆனா யாரை எண்ணினாங்கன்னு தெரியாம ரெண்டையும் வச்சு ஒரு முடிவுக்கு வர முடியாது.

2025 மே மாசம் அந்த மலையில நிலக்கரி இருப்பை ஆராயத் துளையிட அனுமதி கிடைச்சது. சுரங்கத்துக்கான அனுமதி இல்லை அது, ஆனா முதல் படி.

அடுத்த தடவை "ஊரே ஆதரிக்குது"ன்னு யாராவது சதவீதம் சொன்னா, ஒரே ஒரு கேள்வி கேளுங்க: எந்த ஊரு?

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.