பிழைத்த குழந்தையின் செவித்திறன்

குழந்தைகளின் கல்லீரலில் அரிதாகத் தோன்றும் ஹெப்பட்டோபிளாஸ்டோமா என்னும் புற்றுநோய் பெரும்பாலும் மூன்று வயது நிறைவதற்குள் வயிற்று வீக்கமாக வெளிப்படுகிறது. கட்டி சுரக்கும் ஆல்ஃபா ஃபீட்டோ புரதம் இரத்தத்தில் பன்மடங்கு உயர்வதால், நோயைக் கண்டறியவும் மருந்து பலன் தருகிறதா என்று அறியவும் அப்புரதத்தின் அளவு பெரிதும் உதவுகிறது. அறுவை மருத்துவம் மட்டுமே வழியாக இருந்த காலத்தில் இக்குழந்தைகளில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. பிளாட்டினம் அடங்கிய சிஸ்பிளாட்டின் மருந்தால் கட்டியைச் சுருக்கி, பின்னர் வெட்டியெடுக்கும் முறையும், அதற்கு இயலாதபோது செய்யப்படும் கல்லீரல் மாற்று அறுவையும் அந்நிலையை மாற்றின.

ஆயினும் அம்மருந்து உட்செவியின் நுண்மயிர்ச் செல்களை மீளாதவாறு அழிக்கிறது. பேச்சைக் கேட்டு மொழி பழகும் பருவத்தில் நேரும் இந்தச் செவித்திறன் இழப்பை, உயிர் பிழைத்ததே போதும் என்று ஒதுக்கிவிடுவது எவ்வகையிலும் நியாயமாகாது. 2018-இல் வெளியான சியோபெல்-6 என்னும் பன்னாட்டு ஆய்வில், சிஸ்பிளாட்டின் செலுத்தி ஆறு மணி நேரம் கழித்து, பிளாட்டினத்தோடு பிணைந்து அதைச் செயலிழக்கச் செய்யும் சோடியம் தயோசல்பேட் என்னும் எளிய உப்பு ஒரு பிரிவினருக்கு இரத்தக்குழாய் வழியே அளிக்கப்பட்டது. அதைப் பெறாதோரில் 63 விழுக்காட்டினர்க்குச் செவித்திறன் குறைந்தது; பெற்றவர்களில் 33 விழுக்காட்டினர்க்கு மட்டுமே குறைந்தது. மூன்றாண்டுகளுக்குப் பின்னும் இரு பிரிவுகளிலும் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்ட குழந்தைகள் உயிருடன் இருந்தனர். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022-இல் இந்த உப்புக்கு அளித்த அனுமதி, உடலின் பிற பகுதிகளுக்குப் பரவாத திண்மக் கட்டிகளுக்கு மட்டுமே உரியது.