தையலும் தையல் இயந்திரமும்



தையல் என்னும் சொல் தைக்கும் தொழிலையும் குறிக்கும், பெண்ணையும் குறிக்கும். புகார் நகரத்துத் தொழிலாளரைச் சொல்லும்போது சிலப்பதிகாரம் துன்னகாரரையும் மறக்கவில்லை. அவர்கள் தைத்தது கையூசியால். 1846இல் அமெரிக்கரான எலியாஸ் ஹவ் காப்புரிமை பெற்ற இயந்திரத்திலோ ஊசியின் கண் நுனியில் இருந்தது, நூல்கள் இரண்டு. மேல்நூலும் அடிநூலும் துணியின் நடுவே ஒன்றையொன்று பற்றிக்கொள்வதே இன்றும் வீட்டு இயந்திரத்தின் உயிர்நிலை.

எனவே, வாங்குபவர் முதலிற் பார்க்கவேண்டியது அந்தப் பிணைப்பையே. மெல்லிய துணியொன்றும் தடித்த துணியொன்றும் கடைக்குக் கொண்டுபோங்கள். இரண்டையும் தைத்து, அடிப்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். நூலின் இறுக்கத்தைச் சரிசெய்த பின்பும் அடியில் நூல் சுருண்டால் அந்த இயந்திரம் வேண்டாம்.

கணினிப் பூவேலை இயந்திரம் பல கோலங்களைத் தானே போடும். ஆனால், அதன் வளையத்தின் அளவே கோலத்தின் எல்லை, மின்சாரமும் வேண்டும். சட்டையும் தலையணை உறையும் தைக்கும் வீட்டுக்கு நேர்த்தையலும் சிக்சாக்கும் போதும். துணியைத் தள்ளும் பற்களை இறக்கி, வளையத்திற் பூட்டிய துணியைக் கையால் நகர்த்தினால் அதிலேயே பூவும் போடலாம்.

1990இன் பின் யாழ்ப்பாணம் மின்சாரமின்றி இருந்த ஆண்டுகளிலும் கால்மிதி இயந்திரங்கள் ஓடின. அவற்றால் அடுப்பெரிந்த வீடுகளும் உண்டு.

ஆகவே, விலையைக் கேட்குமுன் இரண்டைக் கேளுங்கள்: இதில் எதைத் தைக்கப் போகிறோம்? இதை ஓட்டப்போகும் தையல் யார்?