கனவும் மாக்கோழியும்



பழனிக்குக் கிழக்கே, கொய்யாத் தோப்புகளுக்குப் பெயர்பெற்ற ஆயக்குடி நமக்கு அயலன்று. பழனியை அடுத்த ஐவர்மலையில், 870ஆம் ஆண்டில், சாந்திவீரக்குரவர் பார்சுவ பட்டாரர் திருமேனியைப் புதுக்கிய செய்தியை வரகுண பாண்டியன் காலக் கல்வெட்டு கூறும்.

அவ்வூரில், தான் வளர்த்த ஆட்டுக்கிடாய் வாய்திறந்து பேசி அழைப்பதாகக் கனவு கண்டு, விடியுமுன் பட்டிக்கு ஓடும் சிறுவன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். நேர்ந்துவிட்ட கிடாய் அது. கனவுதானே என்று பெரியோர் தேற்றுவர்.

யசோதர காவியமும் ஒரு கனவிலிருந்தே விரிகிறது. மனைவியின் பிழையை வெளிப்படக் கூற நாணிய யசோதரன், அதனைத் தீக்கனவென்று தாயிடம் உரைத்தான். மெய்க்கனவன்று, மறைத்துச் சொன்ன சொல். சந்திரமதி பலி வேண்டுமென்றாள். உயிர்க்கொலைக்கு அஞ்சியவன் மாவினாற் செய்த கோழியை வெட்டினான். அது கூவி வீழ்ந்தது.

மாவை வெட்டியதற்கா இத்தனை பிறவி என்று இளையோர் வினவுவதுண்டு. கை வெட்டியது மாவை. எண்ணம் வெட்டியது கோழியை. தாயும் மகனும் மயிலும் நாயுமாய், ஆடும் எருமையுமாய், கோழிகளாய் உழன்று, பின்னரே அபயமதி, அபயருசி எனும் இரட்டையராயினர். பலிக்கெனப் பிடித்துவரப்பட்ட அவ்விளஞ்சிறார், மாரிதத்தன் முன் நின்று, தாம் விலங்காயிருந்த பிறவிகளைச் சொல்லலாயினர். ஆயக்குடிச் சிறுவனின் கனவில் ஆடு பேசியது. அங்கே, ஆடாயிருந்தவனே பேசினான். மாரிதத்தனின் வாள் உயரவில்லை.