கோடைக்குச் சில நூல்கள்

தலைநகராம் தில்லியில் தமிழ் நூல்களைக் காத்து வழங்கும் பணியிலுள்ள நாங்கள் சிலர் கலந்து பேசி இவ்வுரையை அமைத்துள்ளோம். சித்திரை பிறந்துவிட்டால், “ஊருக்குப் போகிறோம், வண்டியில் படிக்க ஏதேனும் கொடுங்கள்” என்று கேட்போர் ஒருபுறம். இவ்வாண்டு விடுப்புக் கிடைக்கவில்லை என்று சோர்ந்து வருவோர் மறுபுறம். இருசாராருக்கும் நாங்களே படித்து உவந்தவற்றைக் கூறுவோம். நூற்பட்டியலை ஒப்புவிப்பது எங்கள் நோக்கமன்று.

வெளிமாநிலத் தமிழர் பெரும்பாலும் நாடுவது தஞ்சை மண்ணோ நெல்லை மண்ணோ மணக்கும் கதைகளையே. அஃது இயல்புதான். ஆயினும், நம்மைப் போலவே பிற மொழியாளரிடையே வாழ்ந்து, அவ்வாழ்வையே தமிழில் எழுதிவைத்தோரின் நூல்கள் தூசி படிந்து நிற்பது எங்களுக்கு வருத்தம் தருகிறது.

அவற்றுள் முதலாவது, 1977-இல் வெளிவந்த அசோகமித்திரனின் ‘பதினெட்டாவது அட்சக்கோடு’. 1947 ஆகஸ்டில் நாடு விடுதலை பெற்றும், 1948 செப்டம்பர் வரை இந்தியாவோடு இணையாதிருந்த ஐதராபாத் சமஸ்தானமே அதன் களம். சிகந்தராபாத்தில் ரயில்வே ஊழியர் ஒருவரின் மகனான சந்திரசேகரன், கல்லூரியும் கிரிக்கெட்டுமாகத் திரிகிறான். அண்டை வீட்டாரின் மொழி வேறு, சமயம் வேறு. நேற்றுவரை பெரிதாகத் தோன்றாத அவ்வேற்றுமை இன்று அச்சமாகித் தெருவில் நடமாடுகிறது. ஆசிரியர் குரலை உயர்த்துவதே இல்லை. இறுதிப் பக்கங்களில் அவ்விளைஞன் ஒரு வீட்டினுள் காணும் காட்சியைப் படித்த எங்களில் ஒருவர், அன்றிரவு வேறெந்த நூலையும் தொடவில்லை. சென்னை வண்டியில் இதைப் படிப்போர் வாரங்கல் நிலையத்தில் சற்றே தலைநிமிர்ந்து பார்க்கலாம். ஏறத்தாழப் பதினெட்டாம் அட்சக்கோட்டின் மீதே அவ்வூர் அமைந்திருக்கிறது.

தில்லி வாழ்க்கைக்கு ஆதவனின் ‘காகித மலர்கள்’. அண்டை வீட்டாரைப் பற்றியது என்று எண்ணிச் சிரித்துக்கொண்டே தொடங்குவோம். பாதியில் சிரிப்பு நின்றுவிடும். அதிகார வட்டாரங்களின் போக்கை அறிய விரும்புவோர், தில்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயிற்றிய இந்திரா பார்த்தசாரதியின் ‘தந்திர பூமி’யைக் கையில் எடுக்கலாம்.

ஊர் செல்ல இயலாதார்க்கு ‘நடந்தாய் வாழி காவேரி’யைத் தருவோம். வானொலியில் பணியாற்றிய தி. ஜானகிராமனும் சிட்டியும் காவிரிக் கரையோரம் பயணம் செய்து எழுதி, 1971-இல் வெளியிட்ட நூல் அது. வெளியே அனற்காற்று வீசும் நண்பகலில் இதைவிடக் குளிர்ச்சியானதொன்றை எங்களால் சொல்ல இயலாது. நீலகிரிப் படகர் வாழ்வைச் சொல்லும் ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித் தேன்’ வேண்டுமானால் போட்டிக்கு வரலாம்.

கல்கியை ஏன் விட்டீர்கள் என்று எங்களுள் இளையவர் ஒருவர் பூசலிட்டார். ‘பொன்னியின் செல்வ’னுக்கு எங்கள் பரிந்துரை எதற்கு? அதன் ஐந்து பாகங்களும் ஒருசேர அலமாரியில் இருக்க நாங்கள் கண்டதே அரிது!

இன்னொரு சாராரையும் குறிப்பிட வேண்டும். தந்தையார் அரிதிற் சேர்த்த நூல்களைப் பெட்டி பெட்டியாகக் கொணர்ந்து, “எங்கள் வீட்டில் இனிப் படிப்பார் இல்லை” என்று வைத்துச் செல்வோர் உண்டு. அவர்கள் பேசுவது நல்ல தமிழே, எழுத்துத்தான் பழகவில்லை. ஓரங்களில் தந்தையார் பென்சிலால் எழுதிய குறிப்புகளைப் பிள்ளைகள் படிக்க இயலவில்லை. அயலாராகிய நாங்கள் படிக்கிறோம்.

வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்த முதியவர் ஒருவரேனும் இருக்கும்போதே, உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திர’த்தை அவர் உரக்கப் படிக்க, வளர்ந்த பிள்ளைகள் கேட்கட்டும். 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் தொடராக வந்ததாதலால், அத்தியாயங்கள் நீண்டவையல்ல. ஒன்றைப் படிக்க அரைமணி போதும். ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பாடல் இயற்றிச் சொல்லச் சொல்ல, மாணவர் ஏட்டில் எழுதிய பகுதிகளைக் கேட்பதற்கே தனிச்சுவை உண்டு. தமிழ் எழுத்தே அறியாத மருமகள் ஒருத்தி, “அடுத்தது என்ன ஆயிற்று?” என்று கேட்டதாக எங்கள் உறுப்பினர் ஒருவர் வந்து சொன்னார்.

மும்பை, கொல்கத்தா போன்ற நகரங்களில் வாழும் அன்பர்கள் தத்தம் ஊர்த் தமிழ் நூலகங்களில் இந்நூலைக் கேட்டுப் பார்க்கலாம். எங்களிடம் இரண்டு படிகள் உள்ளன. ஒன்றைத் தைத்துக் கட்டக் கொடுத்திருக்கிறோம். மற்றது இன்று காலைவரை அலமாரியில்தான் இருந்தது.