தொலைமருத்துவமும் நம் குடும்பங்களும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இவ்வாண்டு விழாவிலே மருத்துவத்தைப் பற்றிச் சில சொற்கள் பேசவேண்டும் என்று செயலாளர் அவர்கள் கட்டளையிட்டபோது நான் திகைத்துப்போனேன். நான் டாக்டர் அல்லேன். பத்தாம் வகுப்புத் தேறி, ரயில்வேயில் கடைநிலை ஊழியனாகச் சேர்ந்து, பின்னர் இலாகாத் தேர்வு எழுதி எழுத்தனானவன். இதைச் சொல்லி மறுத்தேன். செயலாளரோ, "நோயைப் பற்றி டாக்டர்கள் பேசட்டும், நோயாளியை அழைத்துக்கொண்டு அலைவதைப் பற்றி நீர் பேசும்" என்றார். அந்த வகையில் எனக்குத் தகுதி உண்டு என்பதால் ஒப்புக்கொண்டேன்.

என் மேசைக்கு நாள்தோறும் விடுப்பு விண்ணப்பங்கள் வருகின்றன. அவற்றுள் பல, "தாயாரை டாக்டரிடம் காட்டவேண்டியிருப்பதால் மூன்று நாள் விடுப்பு" என்ற பாணியிலே அமைந்தவை. முன்பெல்லாம் இதைக் கண்டு நான் நகைப்பதுண்டு. டாக்டரைப் பார்க்க மூன்று நாளா என்று எண்ணுவேன். ஒருநாள், இடார்சிக்கும் பேதுலுக்கும் இடையே உள்ள மலைப்பாதையில், தாராகோ பக்கத்தில் வேலை பார்க்கும் ஒரு கேங்மேன் எனக்குக் கணக்குச் சொன்னார். தாயாரைக் கிராமத்திலிருந்து ரயிலடிக்குக் கொணர்ந்து இடார்சி சேர ஒருநாள். தொண்ணூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள போபாலுக்குப் போய், சீட்டுப் பெற்று, வரிசையில் நின்று டாக்டரைக் காண ஒருநாள். திரும்ப ஒருநாள். டாக்டர் அந்த அம்மையாரைப் பார்த்தது ஏறக்குறையப் பத்து நிமிடம். பத்து நிமிடத்திற்கு மூன்று நாள்! அன்றுமுதல் நான் நகைப்பதில்லை.

நமக்காவது விடுப்பு உண்டு, சம்பளம் உண்டு. நம் ஊரில் இட்லிக் கடையில் வேலை செய்யும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு விடுப்பு ஏது? திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளோடு வந்து, இன்று ஓர் ஊர் நாளை ஓர் ஊர் என்று திரியும் இளைஞர்களுக்கு டாக்டர் யார்? காய்ச்சல் கண்டால் மருந்துக் கடையில் பெயர் தெரியாத மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு, மீண்டும் வேலைக்குப் போகிறார்கள். இவர்களை எண்ணித்தான் இன்று பேச வந்தேன்.

டாக்டர் ஓரிடத்திலும் நோயாளி மற்றோரிடத்திலும் இருக்க, தொலைபேசி வாயிலாகவோ படக்காட்சி வாயிலாகவோ கலந்து பேசி மருத்துவம் செய்வதே தொலைமருத்துவம். இது கைபேசி வந்தபின் திடீரென முளைத்த எண்ணம் அன்று. ரயில்வேக்காரர்களாகிய நாம் பெருமைப்படக்கூடிய ஒரு செய்தியை இங்கே சொல்லவேண்டும். இந்நாட்டிலே தந்தியை நிறுவியவர் ஒரு மருத்துவர். அவர் பெயர் வில்லியம் ஓஷாக்னசி. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்த அவர், 1839ஆம் ஆண்டிலேயே கல்கத்தாவில் தந்திக் கம்பி இழுத்துச் சோதனை செய்தார். கல்கத்தாவிற்கும் டயமண்டு துறைமுகத்திற்கும் இடையே முதல் தந்திப் பாதை அமைந்ததும், 1855ஆம் ஆண்டில் ஆக்ரா, பம்பாய், சென்னை நகரங்களோடு இணைந்த தந்தி பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டதும் அவர் முயற்சியால்தான். அதற்கும் முன்பு, வாந்திபேதி கண்டவருக்கு இரத்தக் குழாய் வழியே உப்புநீர் செலுத்தலாம் என்று எடுத்துரைத்தவரும் அவரே.

பின்னர் 1905ஆம் ஆண்டிலே, ஹாலந்து நாட்டின் லைடன் நகரில் ஐந்தோவன் என்னும் பேரறிஞர், மருத்துவமனையில் இருந்த நோயாளியின் இதயத் துடிப்பை, ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவிலிருந்த தம் ஆய்வுக்கூடத்திற்குத் தொலைபேசிக் கம்பி வழியே வரவழைத்துப் பதிவு செய்தார். இன்று நாம் ஈ.சி.ஜி. என்று சொல்கிறோமே, அதற்காக 1924ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றவர் அவர். நம் நாட்டில் 2000ஆம் ஆண்டில் ஆந்திரத்தின் அரகொண்டா என்னும் சிற்றூரில் தொலைமருத்துவ நிலையம் தொடங்கப்பெற்றது. அடுத்த ஆண்டில் நம் விண்வெளி நிறுவனத்தின் துணைக்கோள் வழியே அவ்வூர் சென்னை மருத்துவமனையோடு இணைந்தது.

இனி என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். என் அன்னையார் கும்பகோணத்திற்கு அருகே ஒரு சிற்றூரில் வாழ்ந்தவர். தந்தையார் மறைந்தபின் என்னோடு இங்கு வந்துவிட்டார். அவருக்கு இந்தி தெரியாது. 2022ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ஒருநாள், "படபடப்பாக இருக்கிறது" என்றார். இங்கே ஒரு டாக்டரிடம் அழைத்துச் சென்றேன். எங்கள் இருவருக்கும் இடையே மொழிபெயர்ப்பாளன் நானே. படபடப்பு என்பதற்கு இந்தியில் "கபராஹட்" என்று சொன்னேன். அச்சொல் நெஞ்சின் படபடப்பையும் குறிக்கும். மனக் கலக்கத்தையும் குறிக்கும். முதுமை, கணவரை இழந்த துயரம், புதிய ஊர் இவற்றையெல்லாம் கேட்டறிந்த டாக்டர், மனம் அமைதியுற மாத்திரை எழுதிக் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கேட்டது என் சொல்லை. என் அன்னையின் சொல்லையன்று. பிழை என்னுடையது.

இரண்டு வாரம் சென்றும் குணமில்லை. அப்போது என் மனைவி, ஊரிலே எங்கள் குடும்பத்திற்கு நெடுநாள் பழக்கமான டாக்டரைக் கைபேசியில் முகம் பார்த்துப் பேசும்படி ஏற்பாடு செய்தாள். அவர் முதலில் சொன்னது, "தம்பி, நீங்கள் சற்று வெளியே இருங்கள்" என்பதே. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. என் மனைவி மட்டும் கைபேசியைப் பிடித்துக்கொண்டு உள்ளே இருந்தாள்.

"படுத்தால் மூச்சு முட்டுகிறதா அம்மா? எத்தனை தலையணை வைத்துக்கொள்கிறீர்கள்?" என்று அவர் தமிழிலே கேட்டாராம். அதற்கு என் அன்னையார் சொன்ன விடையை நான் பிறகே அறிந்தேன். பல இரவுகளாக அவர் படுக்கவே இல்லை. சுவரிலே சாய்ந்து அமர்ந்தபடி விடியும்வரை இருந்திருக்கிறார். மகன் காலையில் வேலைக்குப் போகவேண்டியவன், அவன் தூக்கத்தைக் கெடுப்பானேன் என்று சொல்லவில்லை. ஊரிலே கொடுத்த இரத்த அழுத்த மாத்திரை தீர்ந்து நெடுநாளாகியிருந்தது. செலவு வைப்பானேன் என்று அதையும் சொல்லவில்லை. டாக்டர் சொன்னபடி என் மனைவி அவருடைய கணுக்காலை விரலால் அழுத்திக் காட்டினாள். அழுத்திய இடம் குழியாகவே நின்றது.

டாக்டர் என்னை உள்ளே அழைத்தார். "இது தொலைபேசியில் முடிக்கும் காரியமன்று. இதயத்தின் வலிமை குறைந்திருக்கலாம். இன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்" என்று சொல்லி, ஆங்கிலத்தில் ஒரு குறிப்பும் எழுதி அனுப்பினார். அக்குறிப்பைக் காட்டியதும் இங்குள்ள டாக்டர்கள் உடனே சோதனை செய்தனர்; அவர் ஐயுற்றது மெய்யாயிற்று. தக்க மருத்துவம் கிடைத்தது. என் அன்னையார் இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். இக்கதையைச் சொல்ல அவரிடம் அனுமதி பெற்றே வந்தேன்.

பெரியோர்களே! இதிலிருந்து நான் கற்ற பாடம் ஒன்று. நோயாளிக்கும் டாக்டருக்கும் இடையே உள்ள தொலைவு கிலோமீட்டரில் மட்டும் அளக்கத்தக்கதன்று, சொல்லிலும் அளக்கத்தக்கது. என் அன்னையார் டாக்டருக்கு எதிரே அமர்ந்திருந்தபோது அந்தத் தொலைவு மிகப் பெரிதாக இருந்தது. ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த டாக்டரிடம் பேசியபோது அது இல்லாமற் போயிற்று.

இது நமக்கு மட்டும் உரிய துன்பம் என்று எண்ணவேண்டா. என்னோடு பணிபுரியும் கோண்டு இனத்து நண்பர் ஒருவர் கேஸ்லா வட்டாரத்திலுள்ள தம் கிராமத்திற்கு என்னை அழைத்துச் சென்றார். அங்குள்ள நலவாழ்வு நிலையத்தில் ஒரு முதியவர் அமர்ந்திருந்தார். பணியிலிருந்த பெண் அவருக்கு இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக் குறித்துக்கொண்டு, கைபேசியில் ஒரு டாக்டரை அழைத்தாள். டாக்டர் இந்தியில் கேட்டதை அவள் கோண்டியில் கேட்டாள். அவர் கோண்டியில் சொன்னதை இந்தியில் சொன்னாள். கோண்டி நம் தமிழுக்கு உறவான திராவிட மொழி. கண்ணைக் கண் என்றும் கையைக் கை என்றும் அவர்கள் சொல்வதை என் காதால் கேட்டேன். பழைய தந்தி நிலையத்தில் இரு முனையிலும் ஒரு குமாஸ்தா அமர்ந்திருப்பார். சொல் பிசகாமல் வாங்கிக் கொடுப்பது அவர் கடமை. 2013ஆம் ஆண்டு ஜூலையில் பொதுமக்களுக்கான தந்தி நின்றது. ஆனால் அந்தக் குமாஸ்தாவின் வேலையை அப்பெண்ணிடம் கண்டேன்.

அவள் பயன்படுத்தியது "ஈ-சஞ்சீவனி" என்னும் மைய அரசின் ஏற்பாடு. 2019ஆம் ஆண்டு நவம்பரில் நலவாழ்வு நிலையங்களுக்கென இது தொடங்கப்பெற்றது. கொரோனா ஊரடங்கின்போது, 2020 ஏப்ரல் 13ஆம் நாள் முதல், வீட்டிலிருந்தபடியே டாக்டரிடம் பேசும் வசதியும் வந்தது. கட்டணமில்லை. 2023ஆம் ஆண்டு பிப்ரவரிக்குள் 10 கோடி முறை மக்கள் இதன் வழியே ஆலோசனை பெற்றுவிட்டனர். மனத்துயருக்கென 2022 அக்டோபர் 10 முதல் "டெலி மானஸ்" என்னும் சேவை நடைபெறுகிறது. அதன் எண் 14416. அங்கே தமிழிலும் பேசலாம். குடும்பத்தை விட்டு வந்து தனியே அறையெடுத்துத் தங்கியிருக்கும் நம் பிள்ளைகள் இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்வது நன்று.

2020 மார்ச்சு 25ஆம் நாள் வெளியான தொலைமருத்துவ நெறிமுறைகளில் நமக்கு வேண்டியவை சில உள. பதிவு பெற்ற டாக்டர் ஒருவர் இந்தியாவின் எப்பகுதியிலுள்ள நோயாளிக்கும் தொலைவிலிருந்து ஆலோசனை கூறலாம். ஆகவே, தஞ்சையிலுள்ள டாக்டர் இடார்சியிலுள்ள தமிழருக்கு மருத்துவம் சொல்வது முறையே. மருந்துச் சீட்டில் டாக்டரின் பதிவு எண் இருத்தல் வேண்டும். அது இல்லாத சீட்டை நம்பாதீர்கள். போதை தரும் மருந்துகளை இவ்வழியில் எழுதித் தரலாகாது. நேரில் பார்த்தே ஆகவேண்டும் என்று டாக்டர் கருதினால் அவ்வாறே சொல்லவேண்டும். நாமும் அதற்குப் பணியவேண்டும்.

கைபேசி வயிற்றைத் தொட்டுப் பார்க்காது, பிரசவம் பார்க்காது. நெஞ்சை அடைத்தல், ஒரு பக்கம் கை கால் விழுதல், பாம்புக் கடி, பிரசவ வலி, நிற்காத இரத்தப் போக்கு ஆகியவற்றில் முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருத்தல் உயிருக்கு உலை வைப்பதாகும். அப்போது அழைக்கவேண்டிய எண் 108 ஒன்றே. இதைச் சொல்லாமல் தொலைமருத்துவத்தைப் புகழ்வது பாவம்.

இனிச் சங்கத்திற்கு என் வேண்டுகோள். நமக்கு ஒரு படிப்பகம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் அதன் உள்ளறையை இப்பணிக்கு ஒதுக்கவேண்டும். இரத்த அழுத்தக் கருவி ஒன்று, சர்க்கரை பார்க்கும் கருவி ஒன்று, காய்ச்சல்மானி ஒன்று, நல்ல கைபேசி ஒன்று, மூடக்கூடிய கதவு ஒன்று, இவை போதும். தமிழும் இந்தியும் நன்கறிந்த தாய்மார்கள் இருவர் முறைவைத்து அமரவேண்டும். அவர்கள் மருந்து சொல்லலாகாது. அரை வைத்தியராகிவிடக் கூடாது. அழைப்பை இணைத்துக் கொடுத்து, நோயாளி விரும்பினால் சொல்லை வாங்கிக் கொடுத்து, விரும்பாவிடில் வெளியே வந்துவிடவேண்டும். உள்ளே கேட்டது வெளியே வரலாகாது. தமிழர் மட்டுமன்றி அக்கம் பக்கத்தார் யாரும் வரலாம் என்பது என் விருப்பம்.

மற்றொன்று. நோயைச் சொல்லும் நம் சொற்களைத் தொகுத்து, அவற்றிற்கு நேரான இந்தி, ஆங்கிலச் சொற்களோடு ஒரு சிறு கையேடு அச்சிடவேண்டும். கால் கடுப்பது வேறு, வயிறு கடுப்பது வேறு, நீர்க்கடுப்பு வேறு அன்றோ? தலைசுற்றலும் மயக்கமும் ஒன்றல்ல. நெஞ்சு கரிப்பும் நெஞ்சு வலியும் ஒன்றல்ல. மரத்துப்போதலும் பிடிப்பும் ஒன்றல்ல. இத்தகைய சொற்களை நான் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். முதற் பக்கத்தில் முதற் சொல்லாக "படபடப்பு" என்று எழுதியிருக்கிறேன். தாய்மார்கள் தத்தம் ஊரில் வழங்கும் சொற்களைத் தந்து உதவவேண்டும். டாக்டர் ஒருவரிடம் காட்டித் திருத்திய பின்னரே அச்சேற்றவேண்டும்.

சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்தோம் என்று பெருமை பேசுகிறோம். முத்தமிழும் வளரட்டும். அதனோடு, வயது முதிர்ந்த ஒரு தாய் தன் வலியைத் தன் சொல்லால் சொல்லி, அது பிசகாமல் டாக்டரின் செவியை அடையவும் நம் சங்கம் துணை நிற்குமானால், அதைவிடச் சிறந்த தமிழ்த் தொண்டு வேறில்லை என்பது இந்த எளியவனின் கருத்து.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!