சிறிய படம், பெரிய பொறுப்பு



தாமலில் இருமலால் வாடும் ஒரு தாய்க்கு எக்ஸ்ரே எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். படத்தில் சுமார் 50 லட்சம் புள்ளிகள். அளவு 10 மெகாபைட். அதை வேலூரிலுள்ள நிபுணர் பார்க்க வேண்டும். 2000-இல் ஆந்திராவின் அரகொண்டாவில் தொடங்கிய தொலைமருத்துவம், இது கிராமத்திலும் கூடும் என்று காட்டியது. ஆனால் அன்றைய 56 கிலோபிட் தொலைபேசி இணைப்பில் இந்த ஒரு படம் போய்ச்சேர 24 நிமிடமாவது ஆகும். இன்றும் சிக்னல் குறைந்தால் காத்திருக்கத்தான் வேண்டும்.

ஆகவே படத்தைச் சுருக்குகிறோம். இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, ஒரே கருப்பாயிருக்கும் புள்ளிகளைத் தனித்தனியே எழுதாமல் சேர்த்து எழுதுவது. எதுவும் இழந்துபோகாது; அளவு ஏறத்தாழப் பாதியாகும். மற்றொன்று, 1992-இல் வந்த ஜேபெக் முறை. கண்ணுக்கு எளிதில் தெரியாத நுணுக்கங்களை அது விட்டுவிடும். படம் பத்தில் ஒரு பங்காகும். அளவுக்கு மீறிச் சுருக்கினாலோ, காசநோயின் சிறு நிழலும் மறைந்துபோகலாம்.

அதனால் சிறிய படத்தை முதலில் அனுப்புகிறோம், மூலப்படத்தை அழிப்பதில்லை. சந்தேகம் வந்தால் நிபுணர் அதைக் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகே முடிவு சொல்வார்.

எக்ஸ்ரே கருவிக்குக் காணிக்கை கொடுக்கும் நீங்கள், மூலப்படங்களைக் காக்கும் ஹார்ட் டிஸ்க்கையும் நினைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாய்க்குச் சரியான பதில் கிடைப்பது அதைப் பொறுத்தது.