வீட்டுக்குள் ஓர் ஒலிக்கூடம்



தேவனாம்பட்டினத்தில், கடற்கரைக்கு நான்கு தெரு தள்ளி, எங்கள் வீடு இருக்கிறது. சென்ற கோடை விடுமுறையில் அவ்வீட்டில் ஒரு வழக்கு எழுந்தது. பதினோராம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்த என் பேத்தி, பழைய கணிப்பொறி ஒன்றின் முன் அமர்ந்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, இரவு பகல் பாராமல் மின்னணு இசை பயிலத் தொடங்கிவிட்டாள். “அடுத்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு. நீங்களாவது கண்டியுங்கள், அப்பா!” என்றான் என் மகன். நெடுநாள் ஆசிரியனாக இருந்தவனுக்கு விசாரியாமல் தீர்ப்புச் சொல்ல மனம் வருமா? “ஒரு திங்கள் நானும் அவளுடன் அமர்ந்து பயில்கிறேன், பிறகு சொல்கிறேன்” என்றேன்.

முதல் நாளே எனக்குத் தோல்வி. நான் பணியாற்றிய பள்ளியில் வெண்கல மணி கிடையாது. தண்டவாளத் துண்டு ஒன்றுதான் வேப்பமரத்தில் தொங்கும். பேத்தி அங்குச் சென்று, இசைவு பெற்று, அதன் ஓசையைக் கைப்பேசியில் பதிந்து வந்திருந்தாள். அவள் ஓர் ஒலியைப் போட்டு, “இது என்ன, தாத்தா?” என்றாள். குழலோ, ஆர்மோனியமோ என்று தடுமாறினேன். “உங்கள் பள்ளி மணிதான்! சுத்தியல் படும் அந்தத் தொடக்கத்தை மட்டும் வெட்டிவிட்டேன்” என்றாள். பல்லாண்டு காலம் நாள்தோறும் கேட்ட மணியை எனக்கு அடையாளம் தெரியவில்லை!

ஒலிக்குச் சுருதி, உரப்பு, பண்பு என மூன்று இயல்புகள் உண்டு என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஒலி எவ்வாறு பிறந்து, தணிந்து, நின்று, மறைகிறது என்பதும் அதன் முகத்தை வரைகிறது என்பதை அன்றுதான் என் காது கற்றது. வீணைத் தந்தி மீட்டியவுடன் சட்டென எழுந்து மெல்லத் தேயும். நாகசுரமோ மூச்சு உள்ளவரை நிற்கும். சிந்தசைசர் என்னும் கருவியில் இந்நான்கு நிலைகளையும் நம் விருப்பப்படி அமைக்கலாம். அலையின் வடிவத்தையும் தேர்ந்துகொள்ளலாம். சைன் அலையில் ஓர் அதிர்வெண்ணே உண்டு. ஆதலின் அது வெறுமையாக ஒலிக்கும். இரம்பப்பல் வடிவ அலையில் மேற்சுரங்கள் மண்டிக் கிடக்கும். அவற்றுள் வேண்டாதவற்றை வடிப்பானால் நீக்கி, வேண்டிய பண்பைப் பெறுவார்கள். சிற்பி கல்லைச் செதுக்குவது போன்ற வேலை இது.

இக்கலை வானொலிக்கு அயலானது அன்று. 1948ஆம் ஆண்டில் பிரெஞ்சு வானொலியில் பியேர் ஷேபர் என்பவர் புகைவண்டி ஓசைகளைக் கொண்டே ஓர் இசைப் படைப்பைச் செய்தார். 1964இல் அமெரிக்கரான இராபர்ட் மூக் தம் சிந்தசைசரை உருவாக்கினார். அது நம் நாட்டுக்கு வர நெடுங்காலம் ஆயிற்று என்று எண்ணிவிடாதீர்கள். 1969லேயே அகமதாபாத் தேசிய வடிவமைப்புக் கழகத்தில் டேவிட் டியூடர் என்னும் இசைஞர் மூக் கருவியுடன் ஓர் ஒலிக்கூடம் அமைத்தார். கீதா சாராபாய் முதலியோர் அங்குப் படைத்தவை நெடுநாள் உறங்கிக் கிடந்து, 2023இல்தான் இசைத்தட்டாக வெளிவந்தன.

வீட்டிலேயே கற்றவர் யார் என்று கேட்பீர்கள். ஏ.ஆர். ரகுமானையே சொல்லலாம். மலையாளப் படங்களுக்கு இசையமைத்த அவர் தந்தை ஆர்.கே. சேகர் 1976இல் மறைந்தபோது மகனுக்கு வயது ஒன்பது. தந்தையின் இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுக் குடும்பம் பிழைத்தது. பின்னாளில் கோடம்பாக்கத்தில் தம் வீட்டின் பின்புறத்தில் பஞ்சதன் என்னும் ஒலிக்கூடத்தை அவர் அமைத்தார். 1992இல் வெளிவந்து தேசிய விருது பெற்ற ‘ரோஜா’ படத்தின் இசை பிறந்த இடம் அதுவே.

அக்காலத்தில் அதற்குப் பெரும்பொருள் வேண்டியிருந்தது. இன்று ஆடாசிட்டி, எல்.எம்.எம்.எஸ். போன்ற மென்பொருள்கள் விலையின்றியே கிடைக்கின்றன. என் பேத்தி செய்த செலவு ஹெட்போனுக்கு மட்டுந்தான். எதிரொலி அடங்கச் சுவரில் தொங்கவிட்டது பாட்டியின் பழைய போர்வை. (அதற்கு எழுந்த சச்சரவு தனிக்கதை.) ஒன்றில் மட்டும் நான் கண்டிப்பாக இருந்தேன்: ஒலியைக் குறைத்து வைத்துத்தான் கேட்க வேண்டும். 85 டெசிபலுக்கு மேற்பட்ட ஓசையை நெடுநேரம் கேட்டால் செவி கெடும். கெட்ட செவி மீளாது.

மூன்றாம் வாரம் அவள் அலையோசை ஒன்றைச் செய்தாள். பதிவு செய்ததன்று, எல்லா அதிர்வெண்களும் கலந்த வெற்று இரைச்சலை எடுத்து, வடிப்பானை மெல்லத் திறந்து மூடிச் செய்தது. அடியில் ஓர் ஆழ்ந்த உறுமலையும் சேர்த்திருந்தாள். பெட்டியில் அதை ஒலிக்கவிட்டதும் நான் என்னையறியாமல் எழுந்து வாசற்பக்கம் போய்விட்டேன். அடுக்களையிலிருந்த என் மனைவி, “அதை நிறுத்தம்மா!” என்று குரல் கொடுத்தாள். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலை எங்கள் ஊர் கேட்ட ஓசை அது. அன்று பிறந்தே இராத குழந்தை, கணிப்பொறியில் சில எண்களை மாற்றி, அதனை எங்கள் முன் கொண்டுவந்து நிறுத்திவிட்டாள்.

அவள் முகம் வாடிவிட்டது. “இதை அழித்துவிடட்டுமா, தாத்தா?” என்றாள். “அழிக்காதே” என்றேன். சற்று எண்ணிப் பார்த்து, தாழ்ந்த அதிர்வெண்களையெல்லாம் நீக்கினாள். உறுமல் போயிற்று, மணலில் நுரை பின்வாங்கும் சலசலப்பு மட்டும் மிஞ்சியது. என் மனைவியும் வந்து உட்கார்ந்து கேட்டாள்.

மகனுக்கு அன்றிரவே தீர்ப்புச் சொன்னேன்: பள்ளி நாட்களில் மாலை ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்கலாம், பௌதிகத்தில் ஒலியியல் பாடம் அவளுக்கு இனிச் சுமையாக இராது. அரைமனத்தோடு ஒப்புக்கொண்டான்.

என் இளமையில் இக்கரையில் வலை இழுப்போர் பாடிய அம்பாப் பாட்டு கட்டுமரங்களோடு அருகிவிட்டது. அதை ஒருவரும் பதிந்து வைக்கவில்லையே என்று நான் வருந்தியதைப் பேத்தி கேட்டிருக்கிறாள். பாடத் தெரிந்த முதியவர் ஒருவர் எங்கள் ஊரில் இருக்கிறார். வரும் ஞாயிற்றுக்கிழமை, கைப்பேசியுடன் அவரிடம் போகிறோம்.